ஓபியாய்டு போதைப்பழக்கத்துக்குத் தொலைமருத்துவம்: கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கான கேள்வி பதில்

சில வகை வலி நிவாரண மாத்திரைகள், ஹெராயின், சில இருமல் மருந்துகள் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்களின் பிடியிலிருந்து வெளிவர விரும்புவோருக்கும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. கைபேசியிலேயே டாக்டரைப் பார்த்து, சட்டப்படி மருந்து வாங்கிச் சாப்பிட முடியுமா என்பதுதான் பெரும்பாலோர் முதலில் கேட்பது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

வீட்டில் இருந்தபடியே வீடியோ அழைப்பில் டாக்டரிடம் பேசி, ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் பூப்ரெனார்ஃபின் மாத்திரைக்குச் சீட்டு வாங்க முடியுமா?

முடியாது. இந்தியாவில் தொலைமருத்துவத்தை முறைப்படுத்தும் வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்டன. எந்தெந்த மருந்துகளைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ எழுதித் தரலாம் என்று பட்டியல்களாகப் பிரித்துச் சொல்லும் அந்த நெறிமுறைகள், மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் உள்ளவற்றையும், 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். என்னும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றையும் தடைப் பட்டியலில் வைத்துள்ளன. பூப்ரெனார்ஃபினும், அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தாகிய மெத்தடோனும் அச்சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே எந்த டாக்டரும், அவர் எவ்வளவு பெரிய மனநல நிபுணராக இருந்தாலும், இவற்றைத் திரை வழியாக எழுதித் தர இயலாது. தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தொலைமருத்துவத்தால் எங்களுக்கு என்ன பயன்?

நிறையவே இருக்கிறது. மாத்திரைச் சீட்டு ஒன்றுதான் நேரில் வாங்க வேண்டியது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நீண்ட வேலையில் பெரும்பகுதியைத் தொலைபேசியில் செய்துவிடலாம்.

முதலாவது, பேச்சைத் தொடங்குவது. மனநல மருத்துவமனையின் வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்திலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போடுவோர் உண்டு. 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி-மானஸ் என்னும் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது; தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் அறியப்படுவதும் இதுதான். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தேவைப்பட்டால் ஆலோசகர் மனநல மருத்துவருடன் இணைத்துவிடுவார். போதைப்பழக்கத்துக்கென்றே மத்திய சமூகநீதி அமைச்சகம் நடத்தும் எண் 14446. எந்த மாத்திரை, நாளொன்றுக்கு எத்தனை, கடைசியாக எப்போது எடுத்தது, கூடவே குடிப்பழக்கம் உண்டா, தூக்க மாத்திரை உண்டா ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் அந்த உரையாடல் வீணாகாது.

இரண்டாவது, சிகிச்சை தொடங்கிய பிறகான ஆலோசனை. போதைப்பொருள் கிடைக்காதபோது உடலில் எழும் தவிப்பை மாத்திரை அடக்கும். பழைய நண்பர்கள் கூப்பிடும் மாலை நேரத்தையும், சம்பளம் கைக்கு வரும் நாளையும், தூக்கம் வராத இரவையும் எப்படிக் கடப்பது என்பதைப் பேசித்தான் கற்க வேண்டும். வாரந்தோறும் நெய்வேலியிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ பேருந்து ஏறி, ஒருநாள் கூலியை இழந்து வருவதைவிட, அரைமணி நேரத் தொலைபேசி அமர்வைத் தவறாமல் செய்வது பலருக்குச் சாத்தியம். தவறாமல் செய்வதுதான் இச்சிகிச்சையில் எல்லாவற்றையும்விடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்றாவது, என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் வராத மருந்துகள். விடுபடும்போது வரும் படபடப்பு, வயிற்றுப்போக்கு, உடல்வலி போன்றவற்றுக்கான சில மருந்துகளையும், பின்னால் பேசவிருக்கும் நால்ட்ரெக்ஸோனையும், டாக்டர் தம் மதிப்பீட்டின்படி தொலைமருத்துவ விதிகளுக்கு உட்பட்டுத் தொடரலாம். ஒரே நோய்க்காக அதே டாக்டரை நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் மீண்டும் பேசுவதை நெறிமுறைகள் தொடர் ஆலோசனையாகக் கருதுகின்றன.

முதல் முறை நேரில் எங்கே செல்ல வேண்டும்?

புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் மனநல மருத்துவத் துறை, கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவு. சிதம்பரம் பக்கத்தவருக்கு அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தமிழ்நாடு அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்னும் பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. உங்களுக்கு அருகிலுள்ளது எது என்பதையும் 14416-இல் கேட்கலாம்.

புறப்படும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பூப்ரெனார்ஃபின்–நாலக்ஸோன் மாத்திரை (ஓபியாய்டின் செயலை முறிக்கும் நாலக்ஸோன் சேர்த்த பூப்ரெனார்ஃபின்) தற்போது வழங்கப்படுகிறதா, எந்தக் கிழமைகளில் போதை மீட்புக்கான டாக்டர் இருப்பார் என்று முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த மாத்திரை போதை மீட்பு வசதியுள்ள மருத்துவமனைகளின் வழியாகவே வழங்கப்படுவது. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் தேடி அலைவதில் பயனில்லை. ஆதார் அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், முடிந்தால் துணைக்கு ஒருவர் ஆகியவை போதும்.

ஒரு போதையை விட்டு இன்னொரு போதைக்குப் போவதுதானே இது?

இக்கேள்வியைப் பெரும்பாலும் குடும்பத்தார்தாம் கேட்கிறார்கள். சில நேரங்களில் அது சிகிச்சையையே நிறுத்திவிடுகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஹெராயினும், டிரமடால், டேப்பன்டடால் போன்ற வலி மாத்திரைகளும் மூளையில் உள்ள ‘மியூ’ என்னும் ஏற்பிகளில், அதாவது இப்பொருள்கள் வந்து பொருந்தும் இடங்களில், ஒட்டிக்கொண்டு செயல்படுகின்றன. மாதக்கணக்கில் அவற்றை எடுத்தவரின் உடல், அந்தப் பொருள் இல்லாமல் இயங்கத் தெரியாத நிலைக்குப் போய்விடுகிறது. சில மணி நேரம் தவறினாலே மூக்கில் நீர் வடிதல், கொட்டாவி, வயிற்றுப் பிடிப்பு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி எல்லாம் வந்துவிடும். இந்நிலையில் இருப்பவர் இன்பத்துக்காகவா மாத்திரை தேடுகிறார்? காலையில் எழுந்து வேலைக்குப் போகும் அளவுக்கு நிற்க முடிந்தால் போதும் என்றே தேடுகிறார்.

பூப்ரெனார்ஃபின் அதே ஏற்பிகளில் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அவற்றை ஓரளவுக்கே தூண்டும். தவிப்பு அடங்கும், ஓபியாய்டுக்குப் பழகிய உடலில் சரியான அளவில் எடுக்கும்போது மயக்கமோ மிதப்போ ஏற்படுவதில்லை. ஓர் எல்லைக்கு மேல் அளவைக் கூட்டினாலும் அதற்கேற்ப மூச்சு ஒடுங்குவதில்லை என்பது அதன் பெரிய பாதுகாப்பு. நாளுக்கு ஒரு முறை எடுத்தால் போதும் என்பதால், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை அடுத்த மாத்திரைக்குப் பணம் தேடும் வாழ்க்கை முடிவுக்கு வருகிறது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவதைத் தடுக்க நாலக்ஸோன் நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்க்கப்பட்டிருக்கும். நாக்கின் அடியில் வைக்கும்போது அது உடலில் மிகச் சிறிதளவே சேரும், ஊசியில் ஏற்றினால் தவிப்பைக் கிளப்பிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் மெத்தடோனையும் பூப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இவ்வாறு நீண்ட காலம் எடுத்துவரும் பராமரிப்பு மருந்தில் தொடர்வோரிடையே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட முடிவு. சர்க்கரை நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதை நாம் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை. மருந்து எடுத்துக்கொண்டு நேரத்துக்கு உண்டு, உறங்கி, உழைத்து, பிள்ளைகளோடு பேசும் ஒருவரை ‘இன்னும் மாத்திரையில்தானே இருக்கிறாய்’ என்று குத்திக்காட்டாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் மாத்திரையை எப்போது, எப்படி எடுப்பது?

தவிப்பு தெளிவாகத் தொடங்கிய பிறகே எடுக்க வேண்டும். ஹெராயின் போன்ற விரைவில் அடங்கும் பொருளாக இருந்தால் கடைசியாக எடுத்து ஏறத்தாழ 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரைகளாக இருந்தால் 24 மணி நேரமோ அதற்கும் மேலோ ஆகலாம். அவசரப்பட்டு முன்பே வைத்தால், ஏற்பிகளில் உள்ள பழைய பொருளைப் பூப்ரெனார்ஃபின் பிடுங்கித் தள்ளி, கடும் தவிப்பை ஒரே அடியாக வரவழைத்துவிடும். ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று கைவிடுவோரில் பலருக்கு நேர்ந்தது இதுவே. முதல் நாளை டாக்டரின் கண்பார்வையில் தொடங்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தைவிடவும் இது வலுவான காரணம்.

மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, முழுவதும் கரையும் வரை ஐந்து முதல் பத்து நிமிடம் பேசாமலும் விழுங்காமலும் இருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும். கரைந்த பிறகு வாயைத் தண்ணீரால் கொப்பளித்துக்கொள்ளுங்கள். பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுங்கள். இம்மருந்தால் பற்கள் கெடக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்துள்ளது. மலச்சிக்கல், தலைவலி, வியர்வை ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். மதுவோடும் தூக்க மாத்திரைகளோடும் சேர்ப்பது உயிருக்கே ஆபத்து. மேலே சொன்ன பாதுகாப்பு எல்லை அப்போது காப்பாற்றாது.

பத்து நாள் அட்மிட் ஆகி உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு வந்துவிட்டால் போதாதா?

பெரும்பாலோருக்குப் போதாது, அது ஆபத்தாகவும் முடியும். பத்து நாளில் தவிப்பு அடங்கும். கூடவே உடலின் தாங்கும் திறனும் குறைந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் மனம் தளர்ந்து, முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால், பழகிப்போன அந்த அளவே இப்போது மூச்சை நிறுத்தப் போதுமானது. போதை மீட்பு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்த முதல் சில வாரங்களில் இறப்புகள் கூடுவதற்குக் காரணம் இதுவே.

பராமரிப்பு மருந்தை எத்தனை காலம் எடுக்க வேண்டும் என்றால், வாழ்க்கை நிலைபெறும் வரை. பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் இருக்கும். நிறுத்தும் காலம் வரும்போது டாக்டரின் துணையோடு மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பதற்காகவோ, ஊர் என்ன சொல்லும் என்பதற்காகவோ ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

நால்ட்ரெக்ஸோன் என்பது என்ன?

அது ஏற்பிகளை அடைத்துவிடும் மருந்து; தூண்டாது. வழக்கமான அளவு நாளுக்கு 50 மி.கி. ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் ஏழு முதல் பத்து நாள் கடந்த பிறகே தொடங்க முடியும். கல்லீரல் பரிசோதனையும் தேவை. என்.டி.பி.எஸ். சட்டத்துக்குள் வராததால் தொலைமருத்துவத்தில் தொடர்வது எளிது. ஆனால் தினமும் கையில் கொடுத்துச் சாப்பிடுவதைப் பார்க்கும் குடும்பத்தினர் இல்லாவிட்டால் பலர் சில வாரங்களில் விட்டுவிடுகிறார்கள். விட்டபின் தாங்கும் திறன் குறைந்திருக்கும் என்ற அதே ஆபத்து இங்கும் உண்டு. தொலைபேசியில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவாகாது.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போய்விடுமா?

சிகிச்சைக்குச் செல்வது குற்றமாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்துள்ளது. 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27-ஆம் பிரிவு போதைப்பொருள் உட்கொள்வதற்குத் தண்டனை விதித்தாலும், அப்பிரிவின் கீழோ சிறிய அளவு தொடர்பாகவோ வழக்குக்கு உள்ளான ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். ஏற்கெனவே வழக்கு இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் இப்பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

ஜிப்மரில் வாங்கிய மாத்திரையோடு கடலூருக்குத் திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்டில் பிடித்தால் என்ன செய்வது?

மதுவுக்குத்தான் எல்லையின் இரு பக்கமும் வெவ்வேறு விதிகள். என்.டி.பி.எஸ். மத்தியச் சட்டம், முள்ளோடையிலும் ஆல்பேட்டையிலும் ஒன்றே. அதன் விதிகள், பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுப்படி ஒருவர் தம் சொந்த மருத்துவத் தேவைக்காக மனமயக்க மருந்தை (பூப்ரெனார்ஃபின் இவ்வகையைச் சேர்ந்தது) ஒரு நேரத்தில் 100 அலகு, அதாவது 100 மாத்திரை, வரை வைத்திருக்க அனுமதிக்கின்றன. மருத்துவச் சீட்டின் அசலையும் புறநோயாளி அட்டையையும் மாத்திரையோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். பிறருக்கு ஒரு மாத்திரையைக்கூடக் கொடுக்காதீர்கள். இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் சட்டத்தின் முன் அது குற்றமே.

அமெரிக்காவில் வீடியோவிலேயே இம்மருந்தைத் தருகிறார்களே, அங்கிருக்கும் டாக்டரிடம் வாங்கலாமா?

வாங்க முடியாது. அங்கும் தொடக்கத்தில் தடை இருந்தது. டாக்டரை ஒரு முறைகூட நேரில் பார்க்காமல் இணையத்தில் வாங்கிய வலி மாத்திரையால் 2001-இல் இறந்த ரையன் ஹெய்ட் என்ற பதினெட்டு வயது இளைஞரின் பெயரில் 2008-இல் வந்த சட்டம், இத்தகைய மருந்துகளுக்கு நேரடிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. கோவிட் காலத்தில், 2020 மார்ச்சில், அது தளர்த்தப்பட்டது; தொலைபேசி வழியாகவே ஆறு மாதம் வரை பூப்ரெனார்ஃபின் தொடங்க இடமளிக்கும் விதி 2025 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அவையெல்லாம் அந்நாட்டுக்குள் இருப்போருக்கானவை. இந்தியாவில் இருக்கும் நோயாளிக்கு மருந்து எழுத இந்தியப் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். இங்கும் ஒரு முறை நேரில் பார்த்தவருக்காவது தொலைவழித் தொடர் சீட்டை அனுமதிக்கலாம் என்பது என் விருப்பம். அனுமதிக்கும் வரை இருக்கும் விதிக்குள் நடப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்தால் கூரியரில் அனுப்புகிறார்களே?

அது விற்பனை, சிகிச்சை அல்ல. உள்ளே இருப்பது என்ன மருந்து, என்ன அளவு என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. உண்மையான தொலைமருத்துவ ஆலோசனையில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் சீட்டில் இருக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலி மருந்து எழுதித் தருவதும் நெறிமுறைகளின்படி கூடாது.

கர்ப்பமாக இருக்கும்போது மருந்தை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவதால் வரும் தவிப்பு கருவுக்கு ஆபத்து. பராமரிப்பு மருந்தைத் தொடர்வதே பரிந்துரைக்கப்படும் வழி. பிறந்த குழந்தைக்குச் சில நாள் தவிப்பு அறிகுறிகள் வரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மகன் வர மறுக்கிறான். ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கலாமா?

பெற்றோரின் பதைப்பு புரிகிறது, இருந்தாலும் வேண்டாம். மனநலச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவரை அவர் விருப்பமின்றி அடைத்துவைக்க முடியாது. சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. பதிவு பெறாத மையத்தில் சேர்க்காதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மகன் பேசாவிட்டாலும் நீங்கள் 14416-இல் பேசலாம். என்ன சொல்வது, எதை நிறுத்துவது, பணம் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்று குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகிறார்கள். ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தால், அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம் என்பதைச் சொல்லி வையுங்கள். ஹெபடைடிஸ் சி பரிசோதனையையும் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு காரணத்துக்காகவாவது அவர் மருத்துவமனைக்குள் வரக்கூடும்.

அளவு மீறி மயங்கிவிட்டால்?

உதடு நீலமாதல், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல், மூச்சு மிக மெதுவாதல், உலுக்கியும் விழிக்காமை ஆகியவை அறிகுறிகள். உடனே 108-ஐ அழைத்து, என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாலக்ஸோன் ஊசி இதை முறிக்கும் மருந்து. மூச்சு நின்றிருந்தால், 108-இல் பேசுபவர் சொல்கிறபடி உயிர்காக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தனியே விட்டுப் போகாதீர்கள்.

புயல், வெள்ளக் காலத்தில் மருத்துவமனைக்குப் போக முடியாமல் மருந்து தீர்ந்துவிட்டால்?

2011 டிசம்பரில் தானேவும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சலும் இந்தக் கரையில்தான் வந்து மோதின. சாலையும் மின்சாரமும் பல நாள் இல்லாமல் போகும் ஊர் இது. ஐப்பசி பிறக்கும் முன்பே, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் நாள்களைக் கூட்ட முடியுமா என்று டாக்டரிடம் பேசி வையுங்கள். 2020 ஊரடங்கின்போது அவ்வாறு கூடுதல் நாள்களுக்குக் கொடுத்த முன்னனுபவம் மையங்களுக்கு உண்டு. பூப்ரெனார்ஃபின் மெதுவாக இறங்கும் மருந்து என்பதால் ஒருநாள் தவறினால் பெரிய தவிப்பு உடனே வராது. சில நாள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால், அல்லது இடையில் பழைய பொருளை எடுத்திருந்தால், பழைய முழு அளவை நீங்களாகவே மீண்டும் தொடங்காமல், முதலில் டாக்டரையோ 14416-ஐயோ அழைத்துக் கேளுங்கள். மருத்துவமனையின் எண்ணைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் மருந்து உறையின் மேலும் எழுதி வையுங்கள்.